அழைப்பிதழில் அச்சான பெயர்

மூத்த மகள் சுமதியையும் நான்கு வயதுப் பேத்தியையும் விட்டுவிட்டு மருமகன் சென்று ஓராண்டு ஆகியிருந்தது. செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக மதிப்புடன் வாழும் குடும்பம் எங்களுடையது. ஆகவே, கேட்டவர்களிடமெல்லாம் அவர் புனேயில் பணியாற்றுவதாகவே சொல்லிவந்தேன். இளைய மகளின் திருமண அழைப்பிதழிலும், வரவேற்போர் பட்டியலில் சுமதியின் பெயரோடு அவர் பெயரையும் அச்சிடச் செய்தேன்.

“ஓடிப்போனவர் வாசல்ல நின்னு சந்தனம் குடுப்பாராப்பா?” என்றாள் சுமதி. நான் அவளை அடக்கிவிட்டேன்.

திருமணம் முடிந்த சில மாதங்களில், சுமதி தொடுத்திருந்த ஜீவனாம்ச வழக்கு குடும்ப நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. உறவினர் ஒருவர் மூலம் கிடைத்த அந்த அழைப்பிதழை மருமகனின் வக்கீல் எடுத்து நீட்டினார். அவர் குடும்பத்தைக் கைவிடவில்லை என்பதற்கு மாமனாரே சாட்சி என்றார். பேத்தியின் சாப்பாடும் படிப்பும் ஜீவனாம்ச உத்தரவை நம்பியிருந்தன. என் ஓய்வூதியம் மருந்துக்கே சரியாக இருந்தது.

அச்சிட்டது ஏன் என்று நீதிபதி அம்மையார் தெலுங்கில் என்னைக் கேட்டார். எங்கள் தெருக்காரர் ஒருவரும் அங்கே அமர்ந்திருந்தார். சுமதி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கௌரவத்துக்காகப் பொய்யை அச்சிட்டேன், அவர் திருமணத்துக்கு வரவே இல்லை என்று தெலுங்கிலேயே சொன்னேன். பிறகு உட்கார இயலாமல் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். மாலையில், அவர் சம்பளத்திலிருந்தே மாதந்தோறும் பிடித்துத் தர உத்தரவாயிற்று.

இப்போது மருமகனைப் பற்றி யார் விசாரித்தாலும், விட்டுப் போய்விட்டார் என்று நானே சொல்லிவிடுகிறேன். குரல் இன்னும் தடுமாறத்தான் செய்கிறது.