ஏழு பிளேடில் போகாத குங்குமம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்புக்கு, மின்சாரம் எடுக்கும் டர்பைன்களின் கம்ப்ரசர் ரோட்டர்கள் பழுது பார்க்க வரும். நடுவில் தண்டு, சுற்றிலும் வரிசை வரிசையாகப் பிளேடுகள். காற்றை இழுத்து அழுத்தித் தள்ளுவது அவைதான். எட்டாவதோடு நின்றவன் நான். எனக்கு இன்ஜினியர் சொல்லிக்கொடுத்தது இவ்வளவு: பிளேடின் முன்விளிம்பு சரியான வளைவோடு வழவழவென்று இருந்தால் காற்று அதன் முதுகை ஒட்டிக்கொண்டே போகும். சொரசொரப்பாகிவிட்டால் பாதியில் பிரிந்துவிடும். அப்புறம் அதே கரண்டுக்கு எரிபொருள் அதிகமாகக் கேட்கும்.

தேய்ந்த பிளேடுகளை ஒதுக்கி, மற்றவற்றுக்குப் பாஸ் சீல் அடிப்பது அப்போது என் வேலை. வளைவைப் பார்க்க அச்சுத் தகடு உண்டு. சொரசொரப்புக்கு என் கட்டைவிரல்தான். அந்த விரலில் எனக்கு நம்பிக்கை அதிகம். தினமும் காலையில் பிள்ளையாருக்கு விளக்கேற்றிவிட்டு வரும் கை. கொரட்டூர் ரேஷன் கடை மெஷின் மட்டும் அப்போது நாலு மாதமாக அதன் ரேகையை எடுக்கவில்லை. மெஷின் பழுது என்று கடைக்காரரோடு மாதாமாதம் வாய்ச்சண்டை.

போன ஆயுத பூஜைக்கு ஒரு ரோட்டர் வேலை முடிந்து ஸ்டாண்டில் இருந்தது. சீல் அடித்ததும் நான், பூஜைப் பொறுப்பும் நான். லேத், கிரைண்டர், டீ கேன் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். ரோட்டரை விட்டுவிட மனசு வரவில்லை. முதல் வரிசைப் பிளேடுகளின் முன்விளிம்பில் ஆளுக்கொரு பொட்டு வைத்தேன். பூந்தமல்லியிலிருந்து வரும் லேத்துக்கார பாய் பொரியை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா அண்ணாத்தே, பொட்டப் பாத்துட்டு காத்து கும்புட்டுகினு போவுமா?”

போனால் நல்லதுதானே என்றேன்.

லீவு முடிந்த அன்று மத்தியானம் ரோட்டரை ஏற்றிப்போக லாரி வருவதாக இருந்தது. காலையில் இன்ஜினியர் பொட்டுகளைப் பார்த்தார். கத்தவில்லை. காய்ந்த சந்தனமும் பிளேடுக்கு அழுக்குதான், லாரி வருவதற்குள் ஒரு துளி இருக்கக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனம் எல்லாவற்றிலும் போனது. குங்குமம் ஏழு பிளேடில் போகவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். காற்றோடு வந்த தூசி அரித்த பொடிக் குழிகள். குங்குமம் அதில் போய் உட்கார்ந்திருந்தது. கட்டைவிரலால் தடவினேன். வழவழவென்றுதான் இருந்தது. விரலைத் திருப்பிப் பார்த்தேன். இத்தனை வருஷம் இரும்பைத் தடவியதில் ரேகையே இல்லை. காய்த்துப்போய்ப் பளபளவென்று இருந்தது.

கறை போகவில்லை என்று நினைத்து, பாய் பெயிண்ட் கரைக்கும் தின்னர் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார்.

“ஒரே இழு. போயிடும்.”

போயிருக்கும். யாருக்கும் தெரிந்தும் இருக்காது. சொன்னால் பாஸ் சீலை வாங்கிக்கொண்டு, பழுதுக்கு வரும் பாகங்களைக் கழுவும் தொட்டிக்கு என்னை அனுப்புவார்கள். நாள் முழுக்க நிற்க வேண்டிய இடம் அது. என் முட்டிக்கு ஆகாது. பாட்டில் மூடியைத் திறந்தேன். சாமி பேரைச் சொல்லி வைத்த பொட்டு, அதைக் கொண்டே அந்தப் பிள்ளையார் எனக்குக் காட்டியிருக்கிறார். தின்னர் போட்டு அழிக்கக் கை வரவில்லை. மூடியைத் திருகி வைத்துவிட்டு இன்ஜினியரைக் கூப்பிட்டேன்.

“சார், இந்த ஏழும் தேஞ்சது. நான்தான் பாஸ் பண்ணேன்.”

அவர் குனிந்து பார்த்தார்.

“வெரலுக்குத் தெரியலியா?”

“தெரியல சார். வெரலும் தேஞ்சுட்டுது.”

லாரி காலியாகத் திரும்பியது. முதல் வரிசை மட்டுமில்லை, எல்லா வரிசையையும் மறுபடி பார்த்தார்கள். இப்போது சொரசொரப்பை அளக்க ஒரு கருவி வந்திருக்கிறது. சீல் வேறொருவர் கையில். நான் கழுவும் தொட்டியில். ஸ்டூல் கேட்டிருக்கிறேன்.

அந்த மாதம் ரேஷன் கடைக்குப் போனபோது, பழுது மெஷினில் இல்லை, என்னிடம்தான் என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் கருவிழியைப் பார்க்கும் வேறொரு மெஷினை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்து, கண்ணைக் காட்டச் சொன்னார். அதை மெஷின் எடுத்துக்கொண்டது.