டேனரி சாரின் சட்டைப் பையில் என் கார்டு

கோல்ஃப் ஆடுகிறேன் என்று சொன்னால் ஆம்பூரில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். ஷூ தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு என் பொறுப்பு. வாரமெல்லாம் பிறர் செய்ததில் குறை கண்டுபிடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நானே ஒரு சின்னப் பந்தைத் துரத்தி அவமானப்படுவது எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் கிளப்பைப் பார்த்தால் டிவியில் காட்டுகிற பச்சைப் புல்வெளி யாருக்கும் ஞாபகம் வராது. வேலூருக்கும் ஆற்காட்டுக்கும் நடுவில், பாலாற்றை ஒட்டி, மொத்தமே ஒன்பது குழி. அதையே இரண்டு தடவை சுற்றினால் பதினெட்டு. குழியைச் சுற்றிப் புல்லுக்குப் பதிலாக எண்ணெய் கலந்த மணல். ஆறாவது குழிக்குப் பக்கத்தில் வேர்க்கடலைக் கொல்லை. அங்கே விழுந்த பந்தை எடுக்கப் போனால் கொல்லைக்கார அம்மா வாயாரத் திட்டுவார். திட்டி முடித்துவிட்டு ஒரு கைப்பிடி கடலையும் கொடுப்பார்.

இந்தக் கிளப்பின் ஹேண்டிகேப் செயலாளர் பதவியை என் தலையில் கட்டினார்கள். குறை கண்டுபிடிக்கிற வேலைதானே, உங்களுக்குச் சரியாக வரும் என்றார்கள். ஹேண்டிகேப் என்பது பெரிய வித்தை இல்லை. என் எண் முப்பது என்றால், நான் அடித்த மொத்த அடியில் முப்பதைக் கழித்துக்கொள்ளலாம். கெட்டிக்காரருக்குக் கழிக்க எட்டுதான் கிடைக்கும். இப்படிக் கழித்த பிறகு யாருக்குக் குறைவோ அவருக்கே மாதக் கோப்பை. என்னைப் போன்ற அரைகுறைகளும் புலிகளோடு மோத முடிவது இதனால்தான். ஆனால் யார் எப்படி ஆடுகிறார் என்று தெரிந்தால்தானே எண்ணைச் சரியாகப் போட முடியும்? அதற்கு ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் அடிக்கணக்கு எழுதிய கார்டைக் கிளப் பெட்டியில் போட வேண்டும். அங்கேதான் வம்பு.

போட மாட்டார்கள். மோசமாக ஆடியவர்கள் வெட்கத்தில் போட மாட்டார்கள். நன்றாக ஆடியவர்களில் சிலர், எண் குறைந்துவிடுமே என்று தந்திரமாகப் போட மாட்டார்கள். நான் கேட்டால் சாக்குகள் கொட்டும். வானத்தில் ஒரு மேகம் இல்லாத காலையில், “மழையில நனஞ்சிடுச்சி மேடம்” என்றார் ஒருவர். இன்னொருவர் ஒன்பதாவது குழியருகே ஆடு தின்றுவிட்டது என்றார். “பரவால்ல சார், அந்த ஆட்டோட தோல் ஒருநாள் என்கிட்டதான் வரும், அப்ப பாத்துக்கறேன்” என்றேன். அதன் பிறகு அவர் ஆட்டின் மேல் பழி போடுவதை நிறுத்தினார்.

பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு விதி கொண்டுவந்தேன். பதினொரு மணிக்குப் பெட்டியைப் பூட்டுவேன். அதற்குள் வராத கார்டு செல்லாது, எல்லோருடைய எண்ணும் இருக்கிற பலகையில் அவர் பெயருக்கு நேரே ‘கார்டு வரவில்லை’ என்று எழுதுவேன். விதி வந்த முதல் மாதமே எங்கள் கண் டாக்டர் கொஞ்சம் தாமதமாக ஓடி வந்தார். அன்றைக்கு அவர்தான் ஜெயித்திருக்க வேண்டியவர். நான் பூட்டைத் திறக்கவில்லை. ஒரு மாதம் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை.

இந்த விதிக்கும் மசியாதவர் ஒருவர் இருந்தார். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலை வைத்திருப்பவர். அறுபதைத் தாண்டியவர். கிளப்பில் எல்லோருக்கும் அவர் டேனரி சார். எங்கள் தொழிற்சாலைக்கு அவரிடமிருந்தும் தோல் வருகிறது. ஒருமுறை ஒரு லாட் முழுவதையும் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மனிதர் கோபப்படவில்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். தங்கமான ஆள். ஆனால் நான் பொறுப்பேற்றதிலிருந்து ஒரே ஒரு கார்டுகூட அவர் போட்டதில்லை. ஆட்டம் முடியும், கார்டு சட்டைப் பைக்குள் போகும், அவர் காருக்குள் போவார். ‘கார்டு வரவில்லை’ என்று எழுதி எழுதி எனக்குக் கை வலித்ததே மிச்சம். பெரிய தந்திரக்காரர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், என்ன தந்திரம் என்றுதான் பிடிபடவில்லை.

போன வருடம் மாதாந்திரப் போட்டி ஒன்றில் எனக்கு அவர்தான் ஜோடி. கோல்ஃபில் நம் கார்டை நாம் எழுதுவதில்லை. கூட ஆடுபவர் நம்முடையதை எழுதுவார், நாம் அவருடையதை எழுதுவோம். முடிந்ததும் எழுதியவர் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருவார், ஆடியவரும் கையெழுத்துப் போட்டுப் பெட்டியில் சேர்க்க வேண்டும்.

அன்றைக்கு எனக்கு என்ன ஆனதோ தெரியாது, தொட்டதெல்லாம் துலங்கியது. பந்து கடலைக் கொல்லைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எட்டடித் தூரத்திலிருந்து உருட்டியது குழிக்குள் விழுந்தது. மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன். தொண்ணூற்றெட்டு. முப்பது போக அறுபத்தெட்டு. பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை ஓட்டப்பந்தயம், கோலப்போட்டி, குலுக்கல் சீட்டு எதிலும் நான் எதையும் ஜெயித்ததில்லை. அந்தக் கோப்பை எனக்கு வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது.

கடைசிக் குழியில் டேனரி சாருக்குப் போன் வந்தது. தோல் சுற்றுகிற பெரிய மர டிரம் பெல்ட் அறுந்து நின்றுவிட்டதாம். உள்ளே தோல், நீல மருந்தில் ஊறிக்கொண்டிருக்கிறது. அப்படியே விட்டால் லாட் முழுக்கக் கறை பிடித்துவிடும். “வர்றேம்மா, அவசரம்” என்றவர், பழக்க தோஷத்தில் கையிலிருந்த கார்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நானும் சந்தோஷத்தில் மிதந்தபடி டீ குடித்தேன். பாதி டம்ளரில்தான் உறைத்தது. என் கையில் இருப்பது அவருடைய கார்டு. அவர் பையில் போனது என்னுடையது. மணி ஒன்பதரைக்கு மேல்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. அந்த டிரம் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? காரை எடுத்தேன். ஆற்காட்டுப் பாலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஊர்வலம் போல முன்னால் போனது. முத்துக்கடையில் சிக்னல் என்னைப் பார்த்துத்தான் சிவப்பானது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன், அந்தக் கடலைக் கொல்லை அம்மாவே வெட்கப்பட்டிருப்பார்.

டேனரியில் அவர் பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு, பெல்ட் மாட்டுகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். டிரம் அப்போதுதான் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்திருந்தது.

“இன்னாம்மா, ஞாயித்துக்கெழமை கூட என் தோலை ரிஜெக்ட் பண்ண வந்துட்டீங்களா?”

“சார், உங்க சட்டைப் பையப் பாருங்க.”

பார்த்தார். பதறிப்போனார். “அய்யய்யோ, நல்லா ஆடுனீங்களேம்மா!” நீல ஈரம் பட்ட விரலோடு அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஓரத்தில் ஒரு நீலக் கறை. பரவாயில்லை, எண்கள் தெரிந்தன.

அப்போது அவர் பார்வை என் கையில் இருந்த இன்னொரு கார்டின் மேல் விழுந்தது. முகம் சுருங்கிவிட்டது.

“அத விட்டுடுங்கம்மா.”

“ஏன் சார் போட மாட்டேங்கறீங்க? எண்ணை ஏத்திக்கிட்டா உங்களுக்குத்தானே லாபம்?”

அடுக்கி வைத்திருந்த தோல் கட்டின் மேல் உட்கார்ந்தார். “போர்டுல என் பேர் பக்கத்துல எட்டுன்னு இருக்குதில்ல? எனக்கு முப்பத்தஞ்சு வயசுல அடிச்சது. அப்ப இந்தப் பக்கத்துல என்னை விடக் கம்மி யாருக்கும் கெடையாது. நான் கார்டு போட்டா அந்த எட்டு போய்டும். இவன் கெழவன் ஆய்ட்டான்னு போர்டுல எழுதி வெச்ச மாதிரி ஆய்டும். எனக்கு அதுதாம்மா பேஜார்.”

தந்திரக்காரர் என்று நான் முடிவு கட்டியிருந்த மனிதர் இவர். எனக்குப் பாவமாகிவிட்டது. சிரிப்பும் வந்தது. “உங்க இஷ்டம் சார்” என்று அவர் கார்டை நீட்டினேன். நான் ஒன்றும் போலீஸ் இல்லை.

வாங்கிக்கொண்டவர் மடிக்கவில்லை. எண்கள் தெரியாதபடி குப்புறத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். “எவ்ளோம்மா ஆச்சு?” என்று மெதுவாகக் கேட்டார்.

“நூத்தி நாலு.”

“நூத்தி நாலுதானா?” சட்டென்று தலையை நிமிர்த்தினார். “நூத்தி இருவது தாண்டியிருக்கும்னு இல்ல நெனச்சேன்!”

இத்தனை காலமும் அவர் ஒரு கார்டைக்கூடக் கூட்டிப் பார்த்ததில்லை. பையில் போட்டு, வீட்டுக்குப் போய்க் கிழித்துவிடுவாராம். மனதுக்குள் ஓடிய கணக்கு மட்டும் வருடா வருடம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. “நூத்தி நாலுக்கா இவ்ளோ பயந்தேன்?” என்று தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பேனா கேட்டார். கையெழுத்துப் போட்டார். “போங்க, போங்க, பதினொன்னு ஆவப்போவுது!”

கிளப்புக்குள் நான் ஓடி வந்தபோது கண் டாக்டர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம். இரண்டு கார்டையும் உள்ளே போட்டேன். “அடடா, அரை நிமிஷம் இருக்கு மேடம்” என்று அவர் பெருமூச்சு விட்டதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

கோப்பை எனக்குத்தான். உள்ளங்கை அளவுதான் இருக்கும். எங்கள் வீட்டு டிவிக்கு மேல் இருக்கிறது, தினமும் நானே துடைக்கிறேன்.

டேனரி சார் அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் கார்டு போட்டார். எட்டு, பதினான்காகி, இருபத்திரண்டில் வந்து நின்றது. பலகையில் எண்ணை மாற்றும்போது அவரே சாக்பீஸை வாங்கி எழுதினார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. இருபத்திரண்டைக் கழித்துக்கொண்டு இந்த வருடம் மூன்று கோப்பையை அள்ளிக்கொண்டு போனார். கண் டாக்டருக்கு இப்போது அவர்மேல்தான் கோபம்.

என் எண்ணும் மாறியது. நன்றாக ஆடியதால் இருபத்தாறுக்கு இறங்கினேன். பலகையைத் தாண்டும்போதெல்லாம் அதை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

போன மாதம் கடலைக் கொல்லைக்குள் பந்து மூன்று முறை போனது. கை நிறையக் கடலைதான் மிச்சம். கடைசியில், கூட ஆடிய வங்கி மேலாளர் என் கார்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு டீக்குப் போனார். இதைப் போட்டால் இருபத்தாறு போய்விடும். மழையும் இல்லை, ஆடும் இல்லை. என் கைப்பையின் ஜிப் பாதி திறந்திருந்தது, கார்டின் முனை அதற்குள் போயிருந்தது. நான் கூட்டிப் பார்க்கவே இல்லை.

பெட்டிக்குப் பக்கத்தில் டேனரி சார் நின்றிருந்தார். தன் கார்டைப் போட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவ்ளோம்மா ஆச்சு?” என்றார்.

இரண்டு பேரும் என் கார்டைப் பெட்டியின் மேல் விரித்து வைத்து, கடலையை உரித்துத் தின்றபடியே கூட்டினோம்.