ஓடுபாதைக்கு இந்தப் பக்கம்

துவாலு தீவுநாட்டின் ஃபுனாஃபுட்டியில் விமானம் வருமுன் சங்கு ஊதும். ஊருக்கு நடுவே திறந்து கிடக்கும் ஓடுபாதையில் பந்தாடுகிறவர்கள், படுத்துக்கிடப்பவர்கள் அத்தனை பேரும் எழுந்து ஓட வேண்டும். செலுகா ஓடப் பழகியதே அந்தச் சங்குக்குப் பயந்துதான்.

இன்று அவளும் புருஷன் பனாபாவும் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்புகிறார்கள். அவளுக்கு நர்ஸ் படிப்பு, அவனுக்கு இறைச்சி ஆலையில் வேலை. விமான நிலையத்தில் பெட்டிகளை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் திரும்பும்போது, இருவரும் ஓடுபாதைக்கு நடுவில் இருந்தபோது சங்கு அலறியது. பனாபா விமான நிலையத்துப் பக்கம் ஓடினான். அவள் கால்கள் அவளைக் கேட்காமலே வீட்டுப் பக்கம் ஓடின. நடுவே விமானம் இறங்கியது.

"அடியே, பிளேன் இந்தப் பக்கம்டி! இவதான் படிச்சுக் கிழிக்கப்போறாளாம்!" என்று எதிர்ப்பக்கமிருந்து சிரித்தான்.

சங்கு ஓய்ந்தது. எல்லோரும் குறுக்கே நடந்தார்கள். செலுகாவுக்குக் கால் எழவில்லை.

பனாபாவின் சிரிப்பு நின்றது.

"செலுகா... வந்துடுவேல்ல?"