வெயிலில் வைத்த ஒளிப்பட்டை

என் மகள் சென்னையில் ஒளிரும் திரைகள் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். போன ஆண்டு பாதியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சின்னமனூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, இரண்டு மாதம் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிறகு தானாகவே எழுந்து திரும்பிப் போனாள். இப்போதும் கைப்பேசியில் அவள் பெயர் வந்தால், கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

இந்த ஆனியில் வந்தபோது இரண்டு பட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போனாள். விரல் அகலம், பால் கவர் கனம். வளைத்தாலும் சுருட்டினாலும் மஞ்சளாக எரிந்துகொண்டே இருக்கும். பின்னால் விளக்கு கிடையாது. உள்ளே மெல்லிசாகப் பூசிய கரிமப் பொருளே ஒளிர்கிறது, அதனால் மின்சாரம் கொஞ்சம் போதும் என்றாள். ஈரம்தான் அதற்கு எமன். ஈரம் புகாத புதுப் பூச்சு ஒன்றைப் போட்டிருந்தாள். சாரல் காலத்து வீட்டில் அது எத்தனை நாள் தாங்குகிறது என்று தெரியவேண்டும். தினமும் காலை ஆறு மணிக்கு நான் படம் எடுத்து அனுப்பவேண்டும். அவளுடைய இந்த ஆண்டு வேலை அதை நம்பித்தான் இருந்தது.

பத்தொன்பதாம் நாள் மதியம், ஒரு பட்டையின் ஓரத்தில் கடுகளவு கறுப்புப் புள்ளியைப் பார்த்தேன். ஈரம் ஏறிவிட்டதென்று பதறினேன். இந்தப் பக்கம் சாரல் விட்டு வெயில் எட்டிப் பார்த்தால் தலையணை, மிளகாய், பருப்பு எல்லாம் மொட்டைமாடிக்குப் போகும். பட்டையையும் கொண்டுபோய் மிளகாய் பரப்பிய சுளகுக்குப் பக்கத்தில் வைத்தேன். சாயங்காலம் எடுத்தபோது பாதி மங்கியிருந்தது.

“காலைல எடுத்த போட்டாவையே நாளைக்கும் அனுப்பிவிடு. புள்ள மறுபடி படுத்துக்கிட்டா என்ன செய்வ?” என்றார் கணவர்.

எனக்கும் அதே பயம்தான். ஆனால் அந்தப் படத்தை நம்பி அவள் நாலு பேர் முன்னால் போய் நிற்பாள் என்று நினைத்ததும் கை மறுத்துவிட்டது. கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.



“ஏம்மா, அது என்ன வடகமா, காயப் போட?”

ஈரம் எந்த நாள் புகுகிறது என்று காட்டும் அந்தப் புள்ளிக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தாளாம். நீளமாகத் திட்டினாள். திட்டத் திட்ட எனக்கு மூச்சு வந்தது. படுத்துக் கிடந்த நாட்களில் அவளுக்குத் திட்டக்கூடத் தெம்பு இருந்ததில்லை.

பிறகு எத்தனை மணி நேரம், எந்தப் பக்கம் மேலே இருந்தது, தரை எவ்வளவு சுட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எழுதிக்கொள்கிறாள் என்று தெரிந்தது.

“வீட்டுல இருக்கவுக வெயில்ல வைப்பாகன்னு இங்கன யாருமே நெனைக்கல,” என்று தனக்குள் பேசுவதுபோலச் சொன்னாள். கெட்டுப்போனதை என்ன செய்ய என்று கேட்டேன்.

“ஒண்ணையும் எறியாத. நாளைக்கு ரெண்டையும் எடு.”

மறுநாள் ஆறு மணிக்கு இரண்டையும் அடுப்படி மேடையில் பக்கம் பக்கமாக வைத்து எடுத்தேன். ‘இடதுபக்கம் உள்ளது நான்கு மணி நேரம் வெயிலில் இருந்தது’ என்று கீழே எழுதி அனுப்பினேன்.