கம்பளி சார்

1. ஒரு ஸ்லைடு

எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் விடையைத் திரையில் காட்டி, அடையாறில் ஓர் அரங்கத்தையே சிரிக்க வைத்தவன் நான். அன்று அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. புதிதாக ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் படிக்க வேண்டும் என்பதால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நான் இயற்பியல்காரன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது ஒரு திட்டத்துக்குப் பொறுப்பேற்றேன். நகரத்தின் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தரத்தில் அறிவியல் கிடைக்க வேண்டும். அதற்கு ஆராய்ச்சியாளர்களும் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். எட்டுப் பள்ளிகளில் ஆரம்பித்தோம். ஒரு தேர்வு வைத்து, ‘தயார்நிலை’ உள்ள பள்ளிகளுக்கு மட்டும் இரண்டாம் கட்டத்தில் ஆய்வகப் பொருட்களும் வாராந்திர வகுப்பும் என்று ஏற்பாடு. வினாத்தாளை நானே தயாரித்தேன். சேர்ந்து செய்யும் வேலையில் இதை மட்டும் ஏன் தனியாகச் செய்தேன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அதில் ஒரு கேள்வி: ‘இரண்டு பனிக்கட்டிகளில் ஒன்றைக் கம்பளியால் சுற்றி, மற்றதைத் திறந்து வைத்தால் எது முதலில் உருகும்? ஏன்?’ ஓர் ஆங்கில வினாத் தொகுப்பிலிருந்து மொழிபெயர்த்தது.

நொச்சிக்குப்பத்துக்குப் பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்த ஒரு விடை: ‘கம்பளி உடம்பில் பட்டால் அரிக்கும். ஐஸில் வைத்தால் செத்துவிடும்.’

கம்பளிப்பூச்சி என்று நினைத்துவிட்டாள். பெயரை மறைத்து ஸ்லைடில் போட்டேன். அரங்கம் அதிர்ந்தது. அடுத்த ஸ்லைடில் தயார்நிலை இல்லாத மூன்று பள்ளிகளின் பட்டியல். அவளுடைய பள்ளி முதலில் இருந்தது.

2. கடைசி வரிசை

அந்தப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை ஸ்டெல்லா கடைசி வரிசையில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. தேநீர் வேளையில் பக்கத்தில் வந்து நின்றார்.

“அது மகேஸ்வரி கையெழுத்து சார். பேரை மறைச்சா எனக்குத் தெரியாதா?”

நான் ஏதோ புள்ளிவிவரம் சொல்லிச் சமாளித்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. ஆய்வகம் வரப்போகிறது என்று பழைய சாமான் அறையைப் பிள்ளைகளே கழுவி, சுண்ணாம்பு அடித்து வைத்திருப்பதாகச் சொன்னார். பட்டியலை முடிவு செய்யும் கமிட்டி கூடுவதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. “அதுக்குள்ள ஒரு நாள் எங்க கிளாஸுக்கு வாங்க. கடைசி பெஞ்சுல உக்காருங்க. பேசக் கூடாது. முடியுமா சார்?”

மயிலாப்பூரில் வீட்டுக்கு வந்து மனைவியிடம் கதையைச் சொன்னேன், அவளும் சிரிப்பாள் என்று நினைத்து.

“நம்மாத்துக் கம்பளியே பீரோ மேலன்னா கெடக்கு, டெல்லி போய்ட்டு வந்ததுலேர்ந்து. மெட்ராஸ்ல எந்தக் கொழந்தை கம்பளியைப் பாத்திருக்கு?” என்றாள். சிரிக்கவில்லை.

3. கடைசி பெஞ்சு

போனேன். ஸ்டெல்லா அதே கேள்வியைக் கேட்டார். கம்பளி இருந்த இடத்தில் கோணி, பனிக்கட்டி இருந்த இடத்தில் ஐஸ். வகுப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் பேசியது. மகேஸ்வரி எழுந்தாள். அவள் அம்மா சாலையோரத்தில் மீன் விற்பவர்.

“தெறந்து வெச்சதுதான் மிஸ் மொதல்ல கரையும். கோணி உள்ள காத்து மாட்டிக்கினு கீது. வெளிய கீற சூட்டை அது உள்ள வுடாது. ஆனா காஞ்ச கோணியா இருக்கணும். ஈரக் கோணின்னா சீக்கிரம் கரைஞ்சிடும்.”

பேசக் கூடாது என்ற நிபந்தனையை மீறினேன். ஈரம் ஆவியாகும்போது குளிரும், மண்பானைத் தண்ணீர் போல. ஆகவே ஈரக் கோணியில்தான் ஐஸ் அதிக நேரம் நிற்கும் என்று விளக்கினேன்.

“பானைல ஐஸா சார் கீது?” என்றாள் மகேஸ்வரி.

வைத்துப் பார்த்தோம். ஒரே அளவு ஐஸ், மூன்று தட்டு. திறந்தது முதலில் போனது. அடுத்து ஈரக் கோணி. காய்ந்த கோணிக்குள் மதிய மணி அடித்த பிறகும் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. ஐஸ் மேல் கிடக்கும் ஈரத் துணி சில்லென்று இருக்கும், அதிலிருந்து தண்ணீர் ஆவியாவதில்லை, கடற்காற்றின் ஈரம்தான் அதன் மேல் படிகிறது என்பது வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. முப்பத்தைந்து வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன்.

மறுநாள் கோணிக் கேள்வியைக் கோபாலபுரத்தில் முதல் இடம் வாங்கிய பள்ளிக்கு எடுத்துப் போனேன். கெட்டிக்காரப் பையன் ஒருவன் கை தூக்கி, “கோணி யாரு சார்?” என்று கேட்டான். இந்த முறை நான் சிரித்தது என்னைப் பார்த்து.

4. கமிட்டி

வினாத்தாளைத் திருத்தி மறுதேர்வு வைக்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. கமிட்டி கூடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வரை அதுதான் என் உத்தேசம். காலையில் அந்த ஸ்லைடையே மறுபடி போட்டு, “இதில் தயார்நிலை இல்லாதவன் கேள்வி கேட்டவன்” என்றேன். தலைவருக்கு எரிச்சல். “இவ்வளவு விளக்கம் எதுக்கு சார்? ரிப்போர்ட்டை மாத்திட்டுப் போயிருக்கலாமே” என்றார். மாற்றினேன். மூன்று பள்ளிகளும் திட்டத்தில் இருந்தன. அதன்பின் எங்கள் வினாத்தாள் ஒவ்வொன்றும் ஆசிரியர்களோடு ஒரே மேசையில் எழுதப்பட்டது. முதல் வரைவு அவர்களுடையது.

மகேஸ்வரியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அரங்கத்தில் நடந்ததைச் சொன்னேன். அவள் விழித்தாள். ஸ்டெல்லா அவளிடம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னோடு இருக்கிறது.

கொஞ்சம் யோசித்துவிட்டு அவள் கேட்டாள்: “இன்னா சார் தப்பு? பூச்சியை ஐஸ்ல வெச்சா செத்துடாதா?”

செத்துவிடும்தான். ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து அந்தப் பள்ளியில் எனக்குக் கம்பளி சார் என்று பெயர்.

ஓய்வு பெற்ற வாரம் என் நிறுவனத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். சுண்ணாம்பு அடித்த அந்த அறையில், இப்போது மேசைகளும் தராசுகளும் இருக்கும் அறையில், மகேஸ்வரி துவைத்துக் காயவைத்த ஒரு கோணியை மடிப்புக் கலையாமல் என் தோளில் போர்த்தினாள்.

“காஞ்சதுதான் சார்,” என்றாள். “கரையாம இருங்க.”

வேட்டி சட்டையெல்லாம் நார். வீடு வரைக்கும் அரித்தது. கழற்றவில்லை.