மரியசூசைக்கு ஒரு சாட்சி

பாப்பாரப்பட்டிக்கு அடுத்த எங்கள் ஊரில் முதல் பி.ஏ. நான்தான். அப்படிப்பட்ட எனக்கே மரியசூசைப் பெரியப்பாவுக்கு வரும் கடிதங்கள் விளங்காது. எழுத்து இங்கிலீஷ்; சொல் பாதி இந்துஸ்தானி, மீதி மலாயும் தமிழும்.

மலேயா ரப்பர் தோட்டத்திலிருந்து இந்திய தேசிய ராணுவத்துக்குப் போனவர் அவர். தக்காளிக் கூடையோடு பாலக்கோடு போகும்போதும் காக்கி அரைக்கால்சட்டைதான். பள்ளிக்கூடமே பார்க்காத அவருக்கும் அவர் கூட்டாளி வெங்கடாசலத்துக்கும் ராணுவ முகாமில்தான் இங்கிலீஷ் எழுத்து கற்றுக்கொடுத்தார்கள். இருவருக்கும் தெரிந்தது அந்த ஓர் எழுத்துதான். பிறகு ரங்கூன் சிறையிலும் ஒரே கொட்டடி. ஊர் திரும்பியபின், இவர் இங்கும் அவர் திருச்சிப் பக்கமுமாக, அதிலேயே எழுதிக்கொண்டார்கள்.

ஊரில் யாரும் நம்பவில்லை. "என்னங்க பட்டாளத்தாரே, துப்பாக்கி துரு ஏறிப்போச்சுங்களா?" என்று சீண்டுவார்கள். தியாகி என்று சர்க்கார் ஒரு தாள் கொடுத்தால் இந்த வாய்கள் அடங்கும் என்று எண்பத்து நான்கில் விண்ணப்பம் போட்டார். கூடச் சிறையில் இருந்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். 'நானும் வெங்கடாசலமும் சாமான் சுமக்கும் கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொண்டோம்' என்று என்னை எழுதச் சொன்னார்.

"கழுத வேணாங்க பெரியப்பா. சிரிப்பாங்க."

"சண்டைக்கு அரிசி சொமந்தது அதுங்கதான்டா. உள்ளத எழுது."

சாட்சி கேட்டு அந்த விண்ணப்பத்தை வெங்கடாசலத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து தருமபுரியில், கலெக்டர் அலுவலகத்துக் கிளார்க் கிருஷ்ணப்பன் அவர் பதிலை நீட்டினார். தமிழில் டைப் அடித்திருந்தது. நான் வாசித்தேன்: 'கேப்டனாகப் பணியாற்றி, தியாகி பென்ஷன் பெற்றுவரும் எனக்கு மரியசூசை என்பவரைத் தெரியாது.'

"கேப்டனா?" என்றார் பெரியப்பா. அடியில் இங்கிலீஷ் எழுத்தில் கையெழுத்து. அதை விரலால் தடவிப் பார்த்தார். "அவன் கைதான்."

மஞ்சள் பையிலிருந்த கடிதங்களை மேசையில் கொட்டினார். "எல்லாம் இதுல இருக்குதுங்க சார், கேளுங்க." ஒன்றைப் பிரித்துத் தமிழில் சொன்னார்: "'மரியா, நம்ம நொண்டிக் கழுத நேத்து கனவுல வந்துச்சு. உன்னத்தான் கேட்டுச்சு.'"

கிருஷ்ணப்பன் சிரித்துவிட்டார். "பெரியவரே, இதுல அப்படித்தான் எழுதியிருக்குதுன்னு வேற யாரு சொல்லுவாங்க?"

"வெங்கடாசலம் சொல்லுவான்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கடிதங்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டார்.

பஸ்ஸில் மஞ்சள் பையை மடியிலேயே வைத்திருந்தார். இறங்கப்போகும்போது கேட்டார்: "அந்தத் தாள்ல 'ஞாபகம் இல்ல'ன்னு போட்டிருந்தானா, 'தெரியாது'ன்னா?"

"தெரியாதுன்னுதாங்க பெரியப்பா."

"ஞாபகம் இல்லன்னாச்சும் போட்டிருக்கலாம்."