ஆறாயிரம் பேருக்குச் சமமான கணவர்

புள்ளிவிவர அலுவலகத்தில் அவளுக்கு எடைக்காரம்மா என்று பெயர். கத்தரிக்காய் எடை அல்ல, ஆள் எடை. ஊர் முழுக்கப் போய்க் கேள்வி கேட்க முடியுமா? ஆட்கள் போய் நாலு பேரைக் கேட்டு வருவார்கள்; ஒவ்வொருவர் பதிலும் எத்தனை பேருக்குச் சமம் என்று இவள் மென்பொருளில் ஏற்றுவாள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அதற்குச் சம்பளம் வாங்குகிறவள். பத்தொன்பது வருடத்தில் யார் பதிலையும் திருத்தியதில்லை என்பதில் அவளுக்குப் பெரிய கர்வம்.

பேருந்துக் கணக்கெடுப்பு வந்தது. ஆளில்லாத தடங்களை நிறுத்தப் போகிறார்களாம். அவள் குடியிருக்கும் பகுதிக்கு இருப்பதே ஒரு பஸ். அதில்தான் அவளும் தினமும் கூட்டத்தில் நசுங்கி ஒற்றைக்காலில் நின்றுகொண்டு வேலைக்கு வருகிறாள். தன் பகுதியின் பதில்களைத் திறந்து பார்த்தாள். நாற்பது வீட்டுக் கதவைத் தட்டியதில் திறந்தது ஒன்றே ஒன்று. மென்பொருள் அந்த ஒற்றை மனிதர் தலையில் ஆறாயிரம் பேரை ஏற்றி வைத்திருந்தது. பஸ்ஸில் போவீர்களா என்ற கேள்விக்கு, 'ஏறியதே இல்லை.' வயது ஐம்பத்திரண்டு. தொழில், வீட்டிலேயே கடிகாரம் பழுது பார்ப்பது.

அட கடவுளே! அவள் வீட்டுக்காரரேதான்.

அன்று மாலை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, உங்க வாயில வேற பதிலே வரலையா?"

"உண்மையத்தானே சொன்னேன். எனக்கெதுக்கு பஸ்ஸு?"

"மத்த வீட்டுல எல்லாம் ஏன் கதவத் திறக்கல?"

"காலைல ஒம்பது மணிக்கு வந்து தட்டுனா யாரு இருப்பா? எல்லாரும் பஸ்ல போயிருப்பாங்க."

அவளுக்கு ரத்தம் கொதித்தது. மறுநாள் அந்த வரியை அழிக்க விரல் போனது. ஒரே தட்டு, கதை முடிந்தது. ஆனால் மனுஷன் பொய் சொல்லவில்லையே! பாழாய்ப்போன மனசாட்சி. 'பஸ்ஸில் போகிறவர்கள் பஸ்ஸில் போய்விட்டதால் பதில் கிடைக்கவில்லை. இதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்' என்று அட்டவணைக்குக் கீழே அடிக்குறிப்பு எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அடிக்குறிப்பை எந்த மகராசன் படிக்கிறான்? அடுத்த மாதமே பஸ் நின்றது.

முதல் நாள் ஐந்து மைல் நடந்து, பாதி வழியில் செருப்பும் அறுந்து, பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தாள். மேலாளர் வருகைப் பதிவேட்டை மூடி வைத்திருந்தார்.

"ஏம்மா இவ்வளவு லேட்டு?"

"எங்க பக்கம் பஸ்ஸ நிறுத்திட்டாங்க சார்."

அவர் நிதானமாக அட்டவணையை எடுத்து, அவள் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"உங்க பக்கம் பஸ்ல போறவங்களே கிடையாதேம்மா. இத்தனை வருஷமா நீங்க எதுல வந்தீங்க?"